இடப்பக்கம் இரண்டு விரல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா நலம், சித்தப்பா நலம், நம் கார் நலம். நானும் நலம்தான். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நீ நம்ப மாட்டாய் என்பதால்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். பேசிப் பார்த்தாயிற்று. நான் வாயைத் திறந்ததும் நீ பிரேக் போடுகிறாய். நீ போடாவிட்டால் பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டிருக்கும் உன் அம்மா போடுகிறாள். வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்கள் போட்ட பிரேக்கை எல்லாம் இத்தனை வருஷம் தாங்கியவன் நான். உங்கள் இருவரிடமும் முடியவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது பார்.

போன வாரம் நீ சொன்னதற்கு வருகிறேன். அலுவலகத்தில் கடிதம் கொடுத்தாயிற்று, மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்றாய். ரயில் ஓட்டியது போதும், பயிற்சியும் வேண்டாம், தேர்வும் வேண்டாம் என்றாய். வேலை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், அப்பா கிடைப்பாரா என்று ஒரு கேள்வி வேறு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எந்த அப்பனுக்குத்தான் நன்றாக இருக்காது? ஆனால் தனியாக ரயில் ஓட்டிக் காட்டும் தேர்வு உனக்கு அடுத்த மாதம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நீ வரக் கூடாது என்பதுதான் இந்தக் கடிதத்தின் நோக்கம். முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்து வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்காது.

நீ பயந்தது அந்தப் புறா விவகாரத்தால். அதை உன் அம்மா அழுதுகொண்டே சொன்னதால் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும். முழுக் கதையையும் கேள்.

மருந்துக்கடை மாடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாரே, என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டரம்மா, அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டும் ஆசை வந்து நம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தார். அவர் கையில் ஊசியைப் பார்த்து நாமெல்லாம் எப்படி நடுங்குவோமோ, அப்படி அவர் ஸ்டியரிங்கைப் பார்த்து நடுங்குவார். அன்றைக்கு மைதானத்தைச் சுற்றிப் போகும் அகலமான சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு புறா குறுக்கே நடந்து போனது. பறக்கத் தெரிந்த ஜீவனுக்கு யாராவது பிரேக் போடுவார்களா? இவர் போட்டார். பிரேக் மேல் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். பெல்ட் என்னை இழுத்துப் பிடித்தது. இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று ஒரு வலி. புறா சாவகாசமாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

வலியைவிட டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வீங்கிய மண்ணீரல் அடி தாங்காது, கிழிந்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். உன் சித்தப்பாவை வரவழைத்து, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். எதுவும் கிழியவில்லை, லேசான கன்றல் மட்டும்தான். இரண்டு நாள் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாளில்தான் உன் அம்மா உனக்குப் போன் போட்டு ஒப்பாரி வைத்தது.

அதிலிருந்து டாக்டரம்மா தினமும் சாயங்காலம் வந்து என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறார். ஒரே ஆள் உங்களை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார், மூன்றாவது தடவைக்கு இலவசமா என்று உன் சித்தப்பா கேலி செய்கிறான். நான் டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். பிரேக் போட்டது தப்பே இல்லை, போடுவதற்கு முன்னால் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கவில்லை பாருங்கள், அதுதான் தப்பு என்றேன். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

இரண்டு தடவை என்று சொன்னேன் அல்லவா? முதல் தடவை நடந்ததில் உனக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. உன் அம்மா சொல்ல மாட்டாள். அவளைப் புரிந்துகொள்ள அது உனக்குத் தெரிய வேண்டும்.

போன வருஷம் பல்லைப் பிடுங்கிய அன்று ரத்தம் நிற்கவே இல்லை என்பது உனக்குத் தெரியும். பஞ்சு மாற்றி மாற்றி வைத்து, தையல் போட்டு, சாயங்காலம்தான் ஒரு வழியாக நின்றது. அதற்குள் என் சட்டை பார்க்கிற மாதிரி இல்லை. இப்படியே நீங்கள் தெருவில் இறங்கினால் என் ஆஸ்பத்திரியைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று டாக்டரம்மா ஆளை அனுப்பிப் பக்கத்துக் கடையில் ஒரு ரெடிமேட் சட்டை வாங்கி வரச் சொன்னார். என் அளவுதான். கல்யாணமான நாளிலிருந்து உன் அம்மா தைக்காத சட்டையை நான் போட்டதே கிடையாது. அன்றைக்குத்தான் முதல் முதலாகப் போட்டேன். வலது பக்கம் தொளதொளவென்று நிற்கிறது. இடது பக்கம் விலாவுக்குக் கீழே மட்டும் இழுத்துப் பிடித்து, பட்டனுக்குப் பட்டன் வாய் பிளந்து நிற்கிறது. சட்டையில்தான் கோளாறு என்று நான் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. படுக்கச் சொல்லி, அந்த இடத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“இது எத்தனை நாளா இருக்கு மாஸ்டர்?” என்று கேட்டார். எது என்று கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஈரல் டாக்டர் எல்லாம். எப்போதோ ரத்தத்தில் புகுந்த ஒரு கிருமி பல வருஷமாகச் சத்தமில்லாமல் கல்லீரலைத் தழும்பாக்கி இறுக வைத்திருக்கிறது என்று சொன்னார்கள். ஒரு சொட்டு சாராயம் தொடாத எனக்கு இப்படி ஒரு பேர். எதிர்வீட்டுக்காரர் இன்னமும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். திருட்டுத்தனமாகக் குடித்திருப்பேன் என்று நினைப்பு.

அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்த ரெடிமேட் சட்டையை வாங்கி வெட்டும் மேஜையில் விரித்தாள். அதன் மேல் என் பழைய சட்டை ஒன்றை விரித்தாள். அப்போதுதான் நான் பார்த்தேன். என் சட்டை இடப்பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலம் கூடுதல்.

இரண்டு வருஷமாக அப்படித்தான் வெட்டியிருக்கிறாள். முதலில் ஒரு நூல் அளவு, அப்புறம் ஒரு விரல், அப்புறம் இரண்டு. தொப்பை ஒரு பக்கமாகப் போடுகிறது, காரில் சாய்ந்து உட்காரும் வாகு அப்படி என்று நினைத்திருக்கிறாள். உன் அம்மாவின் தொழில்தான் உனக்குத் தெரியுமே. அவளிடம் வருகிற யாருக்கு இரண்டு தோளும் சமமாக இருக்கிறது? ஒரு தோள் இறங்கியிருந்தால் உள்ளே பஞ்சு வைப்பாள். முதுகு கூனியிருந்தால் பின்பக்கத்தை நீளமாக விடுவாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். வந்தவர் கண்ணாடியில் பார்த்து, நம் உடம்பு நேராகத்தான் இருக்கிறது என்று சந்தோஷமாகப் போக வேண்டும். அவளுக்கு இருக்கும் நல்ல பேரே அதனால்தான். அந்தக் கைவரிசையை என் மேலும் காட்டிவிட்டாள். பட்டன் பட்டி கொஞ்சமும் கோணாமல், எனக்கே தெரியாமல் தைத்திருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள். பாராட்டுவதா திட்டுவதா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மறுவாரம் ஈரல் டாக்டர் என் விலாவுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மண்ணீரல் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது என்று சொன்னார். உன் அம்மா என்னையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. வெளியே வந்து படியில் இறங்கும்போதுதான் பேசினாள்.

“அவர் ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சதை நான் ரெண்டு வருஷமா என் கையாலயே மூடி வச்சிருக்கேன்.”

இரண்டு வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இது இருபது முப்பது வருஷத்து வேலை, இரண்டு வருஷத்தில் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்றார். அதை அவளிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் அவள் மனது ஆறவில்லை என்பதை நம் வீட்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

புறா விவகாரத்துக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லா மூலைக்கும் சட்டை தைத்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையின் நாலு முனைக்கும் பஞ்சு வைத்த உறை. கட்டில் காலுக்கு உறை. மாடிப்படிக் கைப்பிடியின் முனைக்குப் பூப்போட்ட துணியில் ஒரு குல்லா. அலமாரிக் கதவின் பிடிக்குக் கூட ஏதோ மாட்டியிருக்கிறாள், நான் சாவியைத் தேடினால் கை மெத்தையில் புதைகிறது. தெருவில் போனால் என் இடப்பக்கமாகத்தான் நடப்பாள், எதிரே வருகிறவர்கள் என்மேல் இடித்துவிடக் கூடாதாம். முன்பெல்லாம் எனக்கு முன்னால் பத்தடி போய் நின்று, வாங்களேன், வாங்களேன் என்று அவசரப்படுத்துகிறவள் அவள். கார் சாவியை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

டாக்டரும் ஆறு மாதத்துக்குக் கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டும் வண்டியில் உட்காராதே என்று சொல்லிவிட்டதால், ரோட்டில் சொல்லிக்கொடுப்பதை உன் சித்தப்பா பார்த்துக்கொள்கிறான். நான் சும்மா இருப்பேன் என்று நினைக்காதே. முன் அறையில் மேஜை போட்டு, அதன் மேல் ஒரு ஊரையே கட்டியிருக்கிறேன். பற்பசை டப்பாவெல்லாம் கட்டடம், சாக்பீஸ் கோடுதான் சாலை, பொம்மைக் கார் ஏழெட்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் வாரம் என் ஊரில் ஓட்டிய பிறகுதான் வெளியே போக வேண்டும். ஒரு நாள் இரண்டு வங்கிக்காரர்கள் என் நாற்சந்தியில் யார் முதலில் போவது என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. பெட்ரோல் செலவே இல்லாத பள்ளிக்கூடம். மேஜையின் நாலு முனையிலும் உன் அம்மாவின் பஞ்சு இருப்பதால் வண்டிகள் கீழே விழுந்தாலும் மெதுவாகத்தான் விழுகின்றன.

இனி என் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீ கணினியில் தேடிப் படித்துவிட்டு, ரத்த அணுவே இல்லாமல் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு அழுகிறாய். போன வாரம் ஈரல் டாக்டரிடம் நானும் அம்மாவும் போயிருந்தோம். சின்ன வயதுக்காரர், அவசரப்படாமல் தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வருகிற ரத்தம் கல்லீரல் வழியாகத்தான் இதயத்துக்குப் போக வேண்டும். நம் ஆற்றுப் பாலம் மாதிரி, வேறு பெரிய வழி கிடையாது. பாலத்தில் வேலை நடந்தபோது பக்கத்துத் தெரு முழுக்க வண்டி நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? என் கல்லீரல் இறுகிப்போனதால் ரத்தம் அப்படித் தேங்கி, பக்கத்துத் தெருவான மண்ணீரல் வீங்கிவிட்டது. கைமுஷ்டி அளவு இருக்க வேண்டியது இப்போது இரண்டு மடங்குக்கு மேல்.

மண்ணீரலின் வேலை, வயதான ரத்த அணுக்களைச் சலித்து எடுப்பது. கொஞ்சம் தட்டணுக்களைத் தன்னிடம் இருப்பாகவும் வைத்துக்கொள்ளுமாம். தட்டணு என்பது, அடிபட்ட இடத்தில் ஓடிப்போய் அடைத்து ரத்தத்தை நிறுத்துகிற அணு. வீங்கிப்போன மண்ணீரல் கண்ணில் பட்டதை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. நல்லது, இளசு, பழசு என்று பார்ப்பதில்லை. ஆகவே என் உடம்பில் தட்டணுக்கள் இல்லாமல் இல்லை. பாதிக்கு மேல் மண்ணீரலில் முடங்கிக் கிடக்கின்றன. ரோட்டில் ஓடுகிறவை குறைவு, அதனால்தான் பல் ரத்தம் நிற்கவில்லை. எலும்பு மஜ்ஜைதான் புது அணுக்களைச் செய்கிற பட்டறை. தட்டணு போதவில்லை, இன்னும் செய் என்று அதற்குத் தகவல் அனுப்புவதில் பெரும் பங்கு கல்லீரலுக்காம். கல்லீரலே சோர்ந்துபோனதால் தகவலும் சரியாகப் போவதில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட மண்ணீரலை அறுத்துப் போட்டால் என்ன என்று டாக்டரிடம் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். அறுத்தால் வேறு வினை வரும், நோய்க்கிருமிகளைத் தடுப்பதிலும் அதற்கு வேலை உண்டு என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அதை உனக்கு அப்படியே எழுத வேண்டும்.

நாம் வயிற்றுக்குள் சிசுவாக இருந்தபோது எலும்பெல்லாம் முற்றியிருக்காது அல்லவா, அப்போது ரத்தம் செய்தது பெரும்பாலும் இந்தக் கல்லீரல்தானாம். கொஞ்ச காலம் மண்ணீரலும் கை கொடுத்ததாம். பிறப்பதற்குள் மஜ்ஜை தயாராகிவிடும். வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும். உடம்புக்குப் பெரிய கஷ்டம் வந்தால் சிலருக்கு மண்ணீரல் அந்தப் பழைய வேலையைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டு செய்யப் பார்க்குமாம்.

“அதுக்கு நல்ல மனசுதாம்மா. உதவி பண்றதா நினைச்சுக்கிட்டு எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்குது, அவ்வளவுதான்” என்றார்.

உன் அம்மா அவர் படம் போட்ட தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் இன்னொன்று கேட்டேன். என் மகள் வேலையை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே வந்து இருக்கப்போகிறாள், அவசியமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மாத்திரையை நீங்கள்தானே விழுங்க வேண்டும், மகள் எதற்கு என்றார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னார். கிருமி போன வருஷ மாத்திரையிலேயே ஒழிந்துவிட்டது. கல்லீரல் இப்போதைக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இப்படியே பல வருஷம் ஓடலாம். ஓடாமலும் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்க வேண்டும், ரத்த வாந்தி வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வர வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும். உப்பை அவர் குறைக்கச் சொன்னார், உன் அம்மா ஒழித்தே விட்டாள். நான் உன்னிடம் எதையும் மறைக்கவில்லை. பயமில்லையா என்று கேட்டால், இருக்கிறது. ராத்திரி புரண்டு படுக்கும்போது இடப்பக்கம் கையை வைத்துக்கொண்டுதான் புரளுகிறேன். ஆனால் காலையில் எழுந்தால் பசிக்கிறது, யாராவது தப்பாக ஓட்டினால் கோபம் வருகிறது, உன் அம்மாவோடு சண்டை போட முடிகிறது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, வழியை அடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். பாதி தூரம் வந்த பிறகு, அது கெட்டதுக்குப் பண்ணலையா என்று கேட்டாள். எது என்றேன். மண்ணீரல் என்றாள். இல்லை, பாசத்தில்தான் பண்ணுகிறது என்றேன். வீடு வரும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி வைத்திருந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, மீதியை எழுதுகிறேன். நிறுத்தியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் சொல்ல வேண்டிய செய்தி நேற்றுதான் நடந்தது.

நீ போன பிறகு உன் அறையில் அம்மா தையல் மெஷினைப் போட்டுக்கொண்டது உனக்குத் தெரியும். அந்த ஜன்னல் வெளிச்சம் வேறெங்கும் வராது, ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியே வேண்டாம் என்பாள். நீ வருகிறேன் என்று சொன்ன மறுநாளே மெஷினை இழுத்து வந்து கூடத்து மூலையில் போட்டுவிட்டாள். உன் கட்டிலைத் தட்டிப்போட்டு, விரிப்பு மாற்றி, அலமாரியைக் காலி செய்து வைத்தாள். அந்த மூலையில் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு தைத்தாள். கண் எரிகிறது என்று துடைத்துக்கொள்வாள், ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் உன்னை வராதே என்று சொல்லப்போகிறேன் என்று தெரிந்ததும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஒரே பிள்ளையைத் தொலைவில் விட்டுவிட்டு உங்களுக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை.

நேற்று சாயங்காலம் வழக்கம்போல் பல் டாக்டரம்மா வந்தார். உன் அம்மா அவரைக் கூப்பிட்டு, கொஞ்சம் கை கொடுங்கள் என்று மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். நான் எழுந்தேன். அசையக் கூடாது என்று கண்ணாலேயே உட்கார வைத்துவிட்டாள். இருவரும் மூச்சு வாங்க அதை உன் அறைக்கே தூக்கிக்கொண்டு போய் ஜன்னலுக்குக் கீழே போட்டார்கள். வெளியே வந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

“அந்த மூலையில வெளிச்சம் பத்தலைங்க. அவ வந்தா பத்து நாள்தானே இருக்கப் போறா.”

இருபத்தெட்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவன் சொல்கிறேன், அவளுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை வேறு இருந்திருக்காது. டாக்டரம்மா இருந்ததால் நான் எழுந்து போய் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவர் போன பிறகு பிடித்தேன். கை பூரா எண்ணெய், விடுங்கள் என்றாள். விடவில்லை.

இன்று காலையிலிருந்து உன் அறையில் மெஷின் ஓடுகிறது. உனக்கு இரண்டு சட்டை வெட்டப்போகிறாளாம், துணி எடுத்து வைத்தாயிற்று. பழைய அளவிலேயே வெட்டிவிடு என்றேன். மாட்டாளாம். இனிமேல் ஆளை நேரில் நிறுத்தி, டேப் வைத்துப் பார்க்காமல் யாருக்கும் கத்தரியைத் தொடுவதில்லை என்று தீர்மானம் செய்திருக்கிறாள். நீயே அளந்து எழுதி அனுப்பினாலும் எடுபடாது. அதனால் தேர்வு முடிந்ததும் பத்து நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து அவள் முன்னால் நில். போவதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டு வா. திரும்பிப் போகிற டிக்கெட்டைக் காட்டாமல் வீட்டுக்குள் விட மாட்டேன், சொல்லிவிட்டேன்.

வேலையை விடுவதாக அலுவலகத்தில் நீ கொடுத்த கடிதத்தை, இது கைக்கு வந்த மறுநாளே திரும்ப வாங்கிக்கொள். எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய காலம் வந்தால் நானே கூப்பிடுவேன், வீம்பு பிடிக்க மாட்டேன். இது சத்தியம். நான் கூப்பிடாத வரை நீ ஓட்ட வேண்டிய வண்டியை ஓட்டு. நீங்கள் இருவரும் என்னைப் பிடித்து வைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை, என் உடம்புக்கு அது வேண்டியிருக்கிறது. உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாக ஒன்று. உரிமம் கையில் வந்த அன்று, கற்றுக்கொண்டவர்களை நான் என்ன செய்வேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். தெருமுனையில் நான் மட்டும் இறங்கிக்கொள்வேன். தனியாக ஒரு சுற்று போய்விட்டு வா என்பேன். வண்டி கிளம்பியதும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றுவிடுவேன். உனக்கும் அப்படித்தான் செய்தேன். நீ சுற்றி வந்து நிறுத்தி, ஏன்ப்பா என்னைப் பார்க்கவே இல்லை என்று சண்டை போட்டாய். பார்த்துக்கொண்டு நின்றால் ஓட்டுகிறவர் கண்ணாடியில் என்னையே தேடுவார், ரோட்டைப் பார்க்க மாட்டார் என்று எல்லோருக்கும் சொல்கிற காரணத்தையே உனக்கும் சொன்னேன்.

மற்றவர்களுக்கு அது உண்மையான காரணம்தான். அன்றைக்கு உன் விஷயத்தில் மட்டும் இன்னொன்றும் இருந்தது. என் முகத்தைப் பார்த்திருந்தால் நீ வண்டியைக் கிளப்பியிருக்கவே மாட்டாய்.

இப்போதும் அப்படித் திரும்பித்தான் நிற்கிறேன். கண்ணாடியில் தேடாதே. வண்டி போகிற சத்தமும் வருகிற சத்தமும் எனக்குக் கேட்கும். நீ நன்றாக இரு, நெடுநாள் ஓட்டு.

போய்விட்டு வா.

உன்
அப்பா